“கையெழுத்துப் போட்டால் குழந்தையைச் சோதனை எலியாக்கிவிடுவார்களா?”

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

இவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது. சென்ற ஆண்டு சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஆனாலும் மருத்துவர்கள் ஆபரேஷன் செய்யவில்லை. 5 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இளையவள் 28 வாரத்திலேயே, 980 கிராம் எடையில் பிறந்தவள். முதல் 3 நாள் தாய்க்குப் பால் சரியாகச் சுரக்காததால் சிறிதளவு பவுடர் பால் கொடுக்கப்பட்டது. பிறகு தாய்ப்பாலையே பீய்ச்சிக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். 19ஆம் நாள் குழந்தையின் வயிறு உப்பியது, மலத்தில் ரத்தம் வந்தது, குழாயில் பச்சை நிறத்தில் பித்தநீர் திரும்பியது. மறுநாள் எக்ஸ்ரேயில் குடலில் ஓட்டை விழுந்திருப்பது தெரிந்து அவசர அறுவை சிகிச்சை நடந்தது. அழுகிய 14 செ.மீ. சிறுகுடலை அகற்றி, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தியிருக்கிறார்கள். இப்போது குழந்தைக்கு 3 மாதம், எடை 2 கிலோ 100 கிராம், வீட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் குடலை மறுபடி இணைக்கும் ஆபரேஷன்.

இதற்கிடையில் மருத்துவமனை ஓர் ஆய்வுப் படிவத்தைக் கொடுத்திருக்கிறது. ஆபரேஷனில் வெட்டி எடுக்கப்படும் குடல் துணுக்கு, மலம், சிறிதளவு ரத்தம் ஆகியவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவும், 2 வயது வரை குழந்தையின் வளர்ச்சியைப் பதிவு செய்யவும் அனுமதி கேட்கிறது. வீட்டில் இதனால் சண்டை. “மூத்தவனுக்கு அறுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள், இவளுக்கு அவசரப்பட்டு அறுத்தார்கள். இப்போது பிள்ளையை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்கிறார் மாமனார். நர்ஸுகள் பாலை வேகமாகக் கூட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் கணவர். இந்தத் தாய்க்கோ, தன் பால் வராததே குழந்தையின் குடலைக் கெடுத்தது என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

அன்புச் சகோதரி,

கையெழுத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் பால்.

உங்கள் மகளுக்கு வந்த நோயை டிஸ்சார்ஜ் சம்மரியில் என்.இ.சி. என்று எழுதியிருப்பார்கள். குடல் சுவர் வீங்கி, திசு செத்து அழுகும் நோய் இது. பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைத்தான் தாக்குகிறது. அதுவும் பிறந்தவுடன் அல்ல, பால் குடிக்கத் தொடங்கி இரண்டு, மூன்று வாரம் கழித்து, “இனிமேல் பயமில்லை” என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில் வருகிறது. முதிராத குடல் சுவர், அதில் குடியேறும் கிருமிகள், அவற்றை எதிர்க்கக் கிளம்பும் உடலின் கட்டுமீறிய அழற்சி, குடலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் குறைவு என்று பல காரணங்கள் ஒன்றுகூட வேண்டும். இவற்றுள் எதையும் நீங்கள் செய்யவில்லை. மூல காரணம் 28 வாரத்தில் பிறந்ததுதான்.

பவுடர் பாலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் படித்தது உண்மை. 1990இல் பிரிட்டனில் லூக்காஸ், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் 926 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக இந்த நோய் வந்திருந்தது. இன்று உலகமெங்கும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தாய்மாரிடம் “ஒரு சொட்டானாலும் பீய்ச்சிக் கொடுங்கள் அம்மா” என்று கெஞ்சுவதற்கு இத்தகைய ஆய்வுகள்தாம் காரணம். ஆனால் அந்த எண்ணை உங்களுக்கு எதிரான சாட்சியாக்கிக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் ஆபத்து அது. ஒரு குழந்தைக்கு ஏன் வந்தது என்று அது சொல்லாது. தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகளுக்கும் நான் ஆபரேஷன் செய்திருக்கிறேன். உங்கள் மகள் குடித்தது 3 நாள் சிறிதளவு பவுடர் பால், அதன் பிறகு இரண்டு வாரத்துக்கும் மேலாக உங்கள் பால். 28 வாரத்தில் பிரசவித்த உடலில், குழந்தையை மார்போடு அணைக்கவும் முடியாத நிலையில், முதல் மூன்று நாளில் பால் குறைவாக இருப்பது வழக்கமானது. அது உங்கள் குறை அன்று.

அந்த மூன்று நாளுக்குத்தான் தாய்ப்பால் வங்கி தேவை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது உண்டு. இதைப் படிக்கும் கர்ப்பிணிகள், குறிப்பாக முன்பே குறைமாதப் பிரசவம் கண்டவர்கள், பிரசவம் பார்க்கப்போகும் இடத்தில் இந்த வசதி இருக்கிறதா என்று ஏழாம் மாதத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

கணவர் சொல்லும் காரணம்

ஒரு வேளைக்கு 2 மில்லி வீதம் கூட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் என்றால் ஒரு நாளில் 24 மில்லி கூடுகிறது. 980 கிராம் குழந்தைக்கு அது கிலோவுக்கு ஏறக்குறைய 25 மில்லி. இது வேகமா, மெதுவா? பல ஆண்டுகள் நாங்களும் இதே கேள்வியோடுதான் இருந்தோம். மெதுவாகக் கூட்டினால் குடல் தப்பிக்கும் என்று பலர் நம்பினார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லி, மற்றதற்கு 30 மில்லி என்று கூட்டிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. குடல் அழுகல் நோய் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. உங்கள் மகளுக்குக் கூட்டிய அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நர்ஸுகள் மீது உங்கள் கணவருக்கு இருக்கும் கோபத்துக்கு இதில் ஆதாரம் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

“நல்ல பாக்டீரியா” பொட்டலத்தை முன்பே கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் பலன் தெரிந்தது. வேறொரு பாக்டீரியாவை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு தயாரிப்பைக் கொடுத்த குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்ததை அடுத்து, 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. எனவே மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி இந்தக் குழந்தைக்கு எதையும் கொடுக்க வேண்டாம்.

ஒருவருக்கு அறுத்தார்கள், இன்னொருவருக்கு அறுக்கவில்லை

உங்கள் மாமனாருடைய கோபத்தில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் மண்ணீரல் கிழிந்த குழந்தை என்றால் உடனே வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிடுவார்கள். 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கவலைப்படத்தக்க ஒன்றைப் பதிவு செய்தார்கள். மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் சிலர் பின்னாளில் கடுமையான கிருமித்தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். அது இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகலாம். பிறகு டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனை, உடல்நிலை சீராக இருக்கும் பிள்ளைகளை அறுக்காமல் கண்காணித்துத் தேற்ற முடியும் என்று 1968இல் வெளியிட்டது. அப்போது பலர் அதை ஏற்கவில்லை. இன்று நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இருக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறார்கள். அந்த 5 நாளும் உங்கள் மகனின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள். தாத்தாவுக்கு வேடிக்கை பார்ப்பதாகத் தோன்றியது, உண்மையில் பேரனின் மண்ணீரலைக் காப்பாற்றிக்கொடுத்த சிகிச்சை. ஓராண்டு ஆகிவிட்டது, அவன் தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம்.

ஹேண்டில்பார் அடியைப் பற்றி எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று. வயிற்றில் ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு காயத் தடம் தெரிந்தால், பிள்ளை ஓடியாடினாலும் அலட்சியம் வேண்டாம். கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்புக்கும் அந்த முனைக்கும் நடுவில் நசுங்கியிருக்கலாம். வலியும் வாந்தியும் மறுநாள்கூடத் தொடங்கலாம்.

இளையவளுக்கு வருவோம். இந்த நோயை 1978இல் மார்ட்டின் பெல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் மூன்று நிலைகளாகப் பிரித்தார். முதல் இரண்டு நிலைகளில் நாங்களும் அறுப்பதில்லை. பாலை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருப்போம். உங்கள் மகளின் தாளில் நீங்கள் கண்ட “3பி” என்பது குடல் ஓட்டையான கடைசி நிலை. ஓட்டை வழியே மலமும் காற்றும் வயிற்றுக்குள் கொட்டும்போது காத்திருக்க நேரம் இல்லை.

பக்கத்து வார்மரில் (சூடு தரும் படுக்கையில்) இருந்த குழந்தைக்கு வயிற்றில் சிறு குழாய் மட்டும் வைத்தார்களே என்ற உங்கள் கேள்விக்கும் பதில் உண்டு. குழாய் வைத்து வடிப்பதா, வயிற்றைத் திறப்பதா என்று ஒரு கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த 310 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன் என்.இ.சி. என்று கணிக்கப்பட்ட குழந்தைகளில், மரணமோ வளர்ச்சிக் குறைபாடோ வயிற்றைத் திறந்த பிரிவில் குறைவாக இருக்கக்கூடும் என்று தெரிந்தது. அழுகல் நோய் இல்லாமல் குடலில் தனியாக ஓர் ஓட்டை விழும் குழந்தைகளும் உண்டு, அவர்களுக்கு அந்த ஆதாயம் தெரியவில்லை. பக்கத்துக் குழந்தைக்கு வந்தது இவற்றுள் எது என்று எனக்குத் தெரியாது. வெவ்வேறு நோய்க்கு வெவ்வேறு சிகிச்சை கொடுத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வெட்டிய இடத்திலேயே ஏன் தைக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் அந்தக் குடலைத் தைப்பது நனைந்த காகிதத்தைத் தைப்பது போன்றது. பையை வைத்துக் காத்திருந்தது நல்ல முடிவு.

14 செ.மீ. போய்விட்டதே என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. உங்கள் மகள் அந்த வளர்ச்சியை வயிற்றுக்கு வெளியே தொடர்ந்திருக்கிறாள். 28 வாரத்தில் பிறந்த குழந்தை இவ்வளவு இழந்தும் நன்றாக வளர முடியும். வெட்டிய பகுதி சிறுகுடலின் கடைசிப் பாகமா, பெருங்குடலோடு சேரும் இடத்து வால்வு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பாகம் போயிருந்தால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இனி, அந்தப் படிவம்

மேலே நான் சொன்ன விடைகளைத் திருப்பிப் பாருங்கள். பாலை எவ்வளவு கூட்டலாம், எப்போது அறுக்கலாம், எப்போது அறுக்கக் கூடாது என ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்களைப் போலத் தூக்கமிழந்த பெற்றோர் படித்துப் பார்த்து இட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. பாலின் வேகத்தை அளந்த ஆய்வு நடந்திராவிட்டால், உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு என்னிடம் ஊகம் மட்டுமே பதிலாக இருந்திருக்கும். அதற்காக நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மாமனாரின் “எலி” என்ற சொல் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் இது மருந்துச் சோதனை அன்று. புதிய மருந்து எதுவும் குழந்தைக்குள் போகவில்லை. குடலை இணைக்கும்போது இரு முனைகளிலும் சிறிது வெட்டித்தான் ஆக வேண்டும். வழக்கமாகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ப் பிறகு அழிக்கப்படும் அந்தத் துணுக்கைத்தான் கேட்கிறார்கள். மருந்துச் சோதனையாக இருந்திருந்தால் என் பதில் இன்னும் நீளமாகவும் எச்சரிக்கையாகவும் இருந்திருக்கும்.

மறுத்தால் சிகிச்சை தடைபடுமா?
தடைபடக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மறுத்தாலும், சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகினாலும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, சிகிச்சையில் குறைவு வரக் கூடாது. ஆபரேஷனுக்கான ஒப்புதலும் ஆய்வுக்கான ஒப்புதலும் தனித்தனித் தாள்களில் இருக்க வேண்டும். ஒரே தாளில் கலந்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?
ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவர் போதும். ஆபத்து கூடுதலாக இருந்து, குழந்தைக்கு நேரடிப் பலனும் இல்லை என்றால் இருவரின் ஒப்புதலையும் கேட்பார்கள். தாத்தாவின் சம்மதம் விதிப்படி தேவையில்லை. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் அவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆய்வாளர் பேசும்போது அவரையும் அழைத்துப்போங்கள். அவருடைய கேள்விகள் கூர்மையானவை, அவரே கேட்கட்டும்.

கையெழுத்துப் போட்டால் புகார் செய்யும் உரிமை போய்விடுமா?
போகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எந்த ஒப்புதல் படிவத்திலும் வரி இருக்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை
மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா, அந்தக் குழுவின் தொலைபேசி எண் தகவல் தாளில் இருக்கிறதா? தாள் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ரத்தம் எத்தனை மில்லி, எத்தனை முறை? 2 கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தமே 160, 170 மில்லிதான். வழக்கமான பரிசோதனைக்கு ஊசி போடும்போதே சேர்த்து எடுப்பார்களா, அதற்கென்று தனியாகக் குத்துவார்களா? தனியாகக் குத்துவதாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் “வேண்டாம்” சொல்லலாமா என்று கேளுங்கள். மாதிரிகளில் பெயருக்குப் பதில் எண் இடப்படுமா, மரபணுச் சோதனை உண்டா, வேறு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா, நாளை விலகினால் மாதிரியை அழிப்பார்களா?

இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் சேரலாம் என்பதே என் அபிப்பிராயம். முக்கியமான காரணம், 2 வயது வரை நடக்கும் அந்தப் பரிசோதனைகள். குடல் அறுவை சிகிச்சை வரை போன குறைமாதக் குழந்தைகளுக்கு நடை, பேச்சு, கற்றல் ஆகியவற்றில் தாமதம் வரும் வாய்ப்பு கூடுதல். அதை 6 மாதத்தில் கண்டுபிடிப்பதற்கும் 3 வயதில் கண்டுபிடிப்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆய்வில் சேராவிட்டாலும் இந்தப் பின்தொடர்தலை விட்டுவிடாதீர்கள். மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையங்களில் இது இலவசமாகவே கிடைக்கிறது. பதில் சொல்லத் தயங்கினாலோ, “முதலில் கையெழுத்துப் போடுங்கள்” என்று அவசரப்படுத்தினாலோ, சேர வேண்டாம். தாளை வீட்டுக்கு எடுத்துவந்து ஓரிரு நாள் யோசிக்கலாம்.

ஆபரேஷன் வரை வீட்டில்

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை மிகவும் கவலைப்படுத்தியது. குழந்தை அழுதால் “குடல் ஏறியிருக்கும், எண்ணெய் தடவித் தட்டி இறக்கலாம்” என்று பாட்டி ஒருவரை வரவழைக்க வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வயிற்றுக்குள் தழும்புகளும், வெளியே குடல் முனையும் இருக்கும் குழந்தை இது. அந்த வயிற்றை யாரும் அமுக்கவோ நீவவோ கூடாது. உரை மருந்தும் கிரைப் வாட்டரும் வேண்டாம். பெரியவர்களிடம் “டாக்டர் தடுத்திருக்கிறார்” என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

பையில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீராக வெளியேறினால் குழந்தை உப்பையும் நீரையும் வேகமாக இழக்கும். எடை கூடாமல் நிற்பதுதான் பல நேரம் முதல் அறிகுறி. வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். இந்த நோய் வந்த குடல், ஆறும்போது சில இடங்களில் சுருங்கிப் பாதை அடைபடுவதும் உண்டு. அதனால்தான் இணைப்பதற்கு முன் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், அதைத் தவிர்க்காதீர்கள்.

பச்சை வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், பையில் ரத்தம் அல்லது ஒன்றுமே வராமல் நிற்பது, வெளியே தெரியும் குடல் கருத்துப்போவது, சிறுநீர் குறைவது, பாலுக்கு எழாமல் துவண்டு கிடப்பது ஆகிய ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.